எவ்வூரில் குடியேறுவது?

பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பதின்மர் கூடாவிட்டால், மரபு வழுவாத யூதர்களின் கூட்டு வழிபாடு நடைபெறாது. தனியே நின்று இறைவனைத் தொழலாம். ஆயினும் மறைச்சுருளைப் பொதுவில் எடுத்து ஓதவும், இறந்த பெற்றோர்க்காகக் காடிஷ் எனும் துதியைச் சொல்லவும் பத்துப் பேர் வேண்டும். இப்பதின்மர் கூட்டத்தை அவர்கள் மின்யான் என்பர். பினாங்குத் தீவின் நாகூர் சாலையில் 1929ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற யூதர் தொழுகைக்கூடம் 1976ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பத்துப் பேர் கிடைக்கவில்லை என்பதே காரணம்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் விடுமுறை நாள்களில் நான் அச்சாலை வழியே பலமுறை நடந்திருக்கிறேன். அங்கு அப்படியொரு கூடம் இருந்த செய்தியைப் பின்னாளில் படித்தே அறிந்தேன். ஜாலான் சைனால் அபிடினில் யூதர் கல்லறைத் தோட்டம் ஒன்று இருப்பதை மட்டும் அப்போது பார்த்திருந்தேன். அச்சாலைக்கு முன்னாளில் ஜாலான் யஹுடி என்று பெயர். இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற வினா அன்றே மனத்தில் எழுந்தது. ஓரிடத்தில் ஒரு சமூகம் நிலைபெறுவதற்குத் தலை எண்ணிக்கை எவ்வளவு இன்றியமையாதது என்பதைத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் முதலாம் ஆண்டுப் பதிவேட்டைத் திறக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஓசை அவனுக்கே கேட்கும்.

அவ்வினாவுக்கு ஒரு பாதி விடை, 2015ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடைபெற்ற ஒரு கல்விக் கருத்தரங்கில் கிடைத்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலிருந்து முதிய கணித ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கெல்லாம் எழுந்து விடைபெற்றுக்கொண்டார். சனிக்கிழமை அமர்வுகளுக்கு அவர் வரவேயில்லை. ஞாயிறன்று காலை தேநீர் வேளையில் உடல்நலமில்லையோ என்று உசாவினேன். அவர் சிரித்தார். ஏற்பாட்டாளர்கள் கொடுத்த நல்ல அறையை மறுத்துவிட்டு, வாட்டர்லூ தெருவுக்கு அருகில் தம் செலவிலேயே சிறிய அறை ஒன்றை எடுத்துக்கொண்டாராம். அத்தெருவில்தான் 1878ஆம் ஆண்டைச் சேர்ந்த மகேன் அபோத் தொழுகைக்கூடம் இருக்கிறது. ஓய்வுநாளில் ஊர்தி ஏறலாகாது; ஆகவே நடந்து போகும் தொலைவில் படுக்கை வேண்டும். அன்று மாலை இருவரும் அத்தெருவில் உலாவினோம். கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் அதே தெருவில் இருப்பதை அவருக்குக் காட்டினேன்.

“இரண்டு இரவு தங்குவதற்கே நான் இவ்வளவு கணக்குப் பார்க்கிறேன். என் மகள் குடும்பம் அடுத்த ஆண்டு இஸ்ரேலுக்குக் குடிபெயரப் போகிறது. அவர்கள் பார்க்கும் கணக்கை எண்ணிப் பாருங்கள்,” என்றார் அவர்.

“எந்த ஊருக்கு?” என்று கேட்டேன்.

“ஓராண்டாக எங்கள் வீட்டில் பேச்சே அதுதான்.”

நாட்டுக்குள் நுழைவது யூதர்க்குக் கடினமன்று. 1950ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட திரும்பி வருவோர் சட்டம் உலகின் எப்பகுதியிலுள்ள யூதருக்கும் அங்குக் குடியேறும் உரிமையை அளிக்கிறது. அக்குடியேற்றத்தை அவர்கள் அலியா என்பர். மேலேறுதல் என்பது அச்சொல்லின் பொருள். அரசு தொடக்க காலத்தில் உதவித்தொகை தருகிறது. உல்பான் எனப்படும் மொழி வகுப்பில் எபிரேயம் கற்பிக்கிறது. ஆனால் எவ்வூரில் வீடு பார்ப்பது என்பதை அரசு சொல்வதில்லை. சமய நெறியில் நிற்கும் குடும்பத்திற்கு உண்மையான தேர்வு அங்கேதான் தொடங்குகிறது.

முதற்கணக்கு, கால்களின் கணக்கு. வெள்ளிக்கிழமை கதிரவன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு விண்மீன் தோன்றும் வரையில் நெருப்பு மூட்டுதல், எழுதுதல், சமைத்தல் முதலிய 39 வகைச் செயல்கள் விலக்கப்பட்டுள்ளன. வீட்டிலிருந்து தெருவுக்கு ஒரு பொருளைச் சுமந்து செல்வதும் அவற்றுள் ஒன்று. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாய் தொழுகைக்கூடத்திற்குச் செல்வதாயினும், ஊரைச் சுற்றிக் கம்பமும் கம்பியுமாக ஓர் எல்லை வளைக்கப்பட்டிருக்க வேண்டும். எருவ் என்பது அதன் பெயர். அது அறுந்திருக்கிறதா என்று வாரந்தோறும் பார்த்து வருவதற்கென்றே ஆள் உண்டு. அமெரிக்காவில் வீடு வாங்கும் யூதர் இக்கம்பி எதுவரை செல்கிறது என்று கேட்டே விலை பேசுவராம். இஸ்ரேலில் பெரும்பாலும் எல்லா ஊர்களையும் சுற்றி எருவ் இருப்பதால் அக்கவலை நீங்கிவிடுகிறது. வேறு கவலைகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

வீட்டின் மேல்மாடத்திற்கு மேலே வானம் தெரிகிறதா என்பது அவற்றுள் ஒன்று. இலையுதிர் காலத்தில் வரும் கூடாரப் பெருவிழாவில் ஏழு நாள்கள் ஓலை வேய்ந்த குடிலில் உண்ண வேண்டும். அக்குடிலுக்கு மேலே இன்னொருவர் வீட்டு மாடம் நீட்டிக்கொண்டிருந்தால் அது செல்லாது. ஆதலால் அடுக்குமாடி வீட்டு விளம்பரங்களிலேயே ‘சுக்கா மாடம் உண்டு’ என்று அச்சிடுகிறார்கள். உயரமான கட்டடமாயின், ஓய்வுநாளில் பொத்தானை எவரும் அழுத்தாமலே ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று செல்லும் மின்தூக்கி உண்டா என்றும் கேட்பர். இவற்றையெல்லாம் கேட்டபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. வாசல் எத்திசை நோக்குகிறது என்று பார்த்துப் பார்த்து வீடு தேடும் இனத்தில் பிறந்தவன் நான்.

இரண்டாம் கணக்கு பள்ளிக்கூடத்தைப் பற்றியது. அதைச் சொல்லும்போதுதான் முதியவரின் குரல் தாழ்ந்தது.

இஸ்ரேலின் 1953ஆம் ஆண்டு அரசுக் கல்விச் சட்டம் யூதப் பிள்ளைகளுக்கு இருவகை அரசுப் பள்ளிகளை ஏற்படுத்திற்று. ஒன்று பொது அரசுப் பள்ளி. மற்றொன்று அரசுச் சமயப் பள்ளி. இவற்றுக்கு அப்பால், ஹரேதி எனப்படும் கடுநெறியாளர்க்கெனத் தனிப் பள்ளிகள் இயங்குகின்றன. அரசுச் சமயப் பள்ளியில் மறைநூலும் கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் கற்பிக்கப்பெறும். ஹரேதி ஆண்பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதில் சேரும் யெஷிவாக்கள் பெரும்பாலானவற்றில் தல்மூது எனும் சமயச் சட்ட நூலே பாடம். கணிதத்திற்கும் ஆங்கிலத்திற்கும் அங்கு இடமில்லை. அமெரிக்காவில் இவ்விரண்டுக்கும் நடுவில் எத்தனையோ படிகள் உண்டு. கறுப்புத் தொப்பி அணிந்து, நாள்தோறும் தல்மூது பயின்று, பகலில் கணினி நிறுவனத்தில் பணியாற்றி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்திற்கும் அனுப்பும் குடும்பம் அங்கு இயல்பானது. இஸ்ரேலில் அக்குடும்பம் விமானத்தை விட்டு இறங்கியவுடன் “நீங்கள் எந்தப் பக்கம்?” என்ற வினா எழுகிறது. தலையிலுள்ள சிறு குல்லாய் பின்னலாடையா, கறுப்பு வெல்வெட்டா என்று பார்த்தே அயலார் விடை கண்டுகொள்வர்.

ஆறு வயதுக் குழந்தைக்குப் பள்ளி தேடுகிறோம் என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். உண்மையில் அப்பிள்ளையின் பதினெட்டாம் வயதை அவர்கள் அன்றே முடிவு செய்துவிடுகிறார்கள். அரசுச் சமயப் பள்ளியில் பயின்ற மகன் படையில் சேர்வான். அல்லது சமயக் கல்வியையும் படைப்பணியையும் இணைத்து நடத்தும் ஹெஸ்தெர் யெஷிவாவுக்குப் போவான். மகள் பெரும்பாலும் படைக்கு மாற்றாகப் பள்ளியிலோ மருத்துவமனையிலோ தேசியத் தொண்டு புரிவாள். ஹரேதி மகன் நூலே வாழ்வாக அமர்ந்திருப்பான். அவனுக்குப் பல்லாண்டுகளாக இருந்த படைவிலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2024 சூன் 25ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் அப்பூசல் முற்றியதே தவிரத் தணியவில்லை. ஆகவே ஊரைத் தேர்வது பள்ளியைத் தேர்வதாகவும், பள்ளியைத் தேர்வது அண்டை அயலையும் மணவுறவையும் பிள்ளை ஏந்தப்போவது நூலா துப்பாக்கியா என்பதையும் தேர்வதாகவும் ஆகிவிடுகிறது. நம் பெற்றோர் தமிழ்ப்பள்ளியா தேசியப் பள்ளியா என்று தயங்கி நிற்கும்போது அவர்கள்மீது நமக்குச் சில வேளைகளில் சினம் வருகிறது. அவர்கள் தயக்கத்திலும் இதுபோன்ற பாரம் ஒன்று இருக்கக்கூடும் என்பதை அன்று வாட்டர்லூ தெருவில் எண்ணினேன்.

முதியவரின் மகளுக்கு மூன்று பிள்ளைகள். குடிபெயரும் ஆண்டில் மூத்த பெண்ணுக்குப் பதினான்கு வயதாகும், நடுப் பையனுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு நான்கு. நால்வயதுப் பிள்ளைக்கு எவ்வூரும் ஒன்றே. ஆறு மாதத்தில் மணலில் விளையாடியே மொழியைப் பிடித்துக்கொள்வான். பதினான்கு வயதுப் பெண்ணின் நிலை வேறு. தோழியர், படித்த பாடம், வகுப்பில் பெற்றிருந்த நற்பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நான்காம் வகுப்புப் பிள்ளையின் எபிரேயத்தோடு உயர்நிலைப் பள்ளியில் போய் அமர வேண்டும். அவளை முன்னிட்டே அவ்வீட்டில் ஓராண்டு வாதம் நடந்திருக்கிறது.

ஆங்கிலம் பேசும் குடியேறிகள் நிறைந்த ஊருக்குப் போகலாம் என்றார் தாயார். அத்தகைய ஊர்கள் உண்டு. 1922ஆம் ஆண்டில் தொடங்கிய ரஆனானா நகரம் அவற்றுள் ஒன்று. ஆனால் வீட்டு விலை கைக்கெட்டாது. பெத் ஷெமெஷ் நகரின் புதிய பகுதிகளில் தெருத்தெருவாக அமெரிக்கர்கள் வாழ்கின்றனர். கடையிலும் தொழுகைக்கூடத்திலும் ஆங்கிலம் ஒலிக்கும்; புதிதாக வந்தவளுக்கு அண்டை வீட்டார் ஒரு வாரத்திற்கு உணவு சமைத்துக் கொடுப்பர். தந்தை மறுத்தார். அவ்வூரில் பத்தாண்டு வாழ்ந்தும் வங்கிப் படிவத்தை எபிரேயத்தில் நிரப்பத் தெரியாதவர்களைத் தாம் கண்டதாகச் சொன்னார். மேலும் அந்நகரில் 2011ஆம் ஆண்டில், அரசுச் சமயப் பெண்கள் பள்ளிக்குச் சென்ற சிறுமியரை, உடை போதாது என்று கூறித் தீவிர ஹரேதியர் சிலர் தெருவில் நின்று ஏசித் துன்புறுத்தினர், நாடே அதிர்ந்தது. ஒரே மறையை ஓதுவோர் ஒரே தெருவின் இருபுறமும் குடியிருக்க இயலாமற்போன கதை அது.

குடியேறிகளின் கூட்டத்தில் வாழ்வது நல்லதா, உள்ளூராருடன் கலந்துவிடுவது நல்லதா? இதில் என் கருத்து தந்தையின் பக்கம் முழுதும் சாயவில்லை. தாய்க்கு மனம் தளர்ந்தால் வீடு தளரும். முதல் ஈராண்டில் திரும்பிப் போய்விடும் குடும்பங்களை மொழி மட்டும் துரத்துவதில்லை, தனிமையும் துரத்துகிறது என்றே எண்ணுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்ற ஓய்வே அந்நாட்டில் இல்லை; வேலை வாரம் ஞாயிறன்று தொடங்கிவிடும். வெள்ளிப் பகல் சமையலிலும், சனி வழிபாட்டிலும் கழிந்தால், புதியவள் யாரைப் போய்ப் பார்ப்பாள்?

எருசலேமுக்குத் தெற்கே எஃப்ராத் என்றோர் ஊர் இருக்கிறது. நியூ யார்க்கில் பெயர் பெற்றிருந்த ஷ்லோமோ ரிஸ்கின் எனும் சமய ஆசான் முன்னின்று 1983ஆம் ஆண்டில் அமைத்த ஊர். பள்ளிகள் சிறந்தவை, ஆங்கிலமும் உண்டு, எபிரேயமும் உண்டு, அக்குடும்பத்தின் நெறிக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது. ஆனால் அது 1967ஆம் ஆண்டுப் போரில் கைப்பற்றப்பட்ட மேற்குக் கரையில், பெத்லகேமுக்கு அருகில் இருக்கிறது. அக்கோட்டுக்கு அப்பாலுள்ள எவ்வூரிலும் குடியிருக்க மாட்டேன் என்று மருமகன் முன்னமே சொல்லிவிட்டாராம். அங்குள்ள குடியேற்றங்கள் சட்டத்திற்குப் புறம்பானவை என்பதே உலக நாடுகளில் பெரும்பாலானவற்றின் நிலைப்பாடு. அனைத்துலக நீதிமன்றமும் 2024 சூலையில் தன் கருத்துரையில் அவ்வாறே கூறிற்று. இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. 1948ஆம் ஆண்டில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் தம் ஊர்களை இழந்தனர். திரும்பி வருவோர் சட்டம் அவர்களுக்கு உரியதன்று. எவ்வூரில் குடியேறலாம் என்று ஒரு குடும்பம் அமர்ந்து ஆய்வது, அதே மண்ணில் வேறொரு குடும்பத்திற்கு வாய்க்காத பேறு. முதியவரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை. சிறிது தூரம் பேசாமல் நடந்தார்.

ஊரை நாம் தேர்ந்தால் போதுமா? ஊரும் நம்மைத் தேர வேண்டும். கலிலேயாவிலும் நெகேவ் பாலைப்பகுதியிலும் உள்ள சிற்றூர்களில் சேர்ப்புக் குழுக்கள் உள்ளன. நேர்காணல் நடத்தி, இக்குடும்பம் எம் ஊரின் வாழ்க்கை முறைக்கு ஒத்துவருமா என்று பார்த்து, ஏற்கவோ தள்ளவோ அவற்றுக்கு 2011ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் அளித்தது. 400 குடும்பங்கள் வரையுள்ள ஊர்களுக்கு இருந்த அவ்வதிகாரம் 2023ஆம் ஆண்டில் 700 குடும்பங்கள் வரையுள்ள ஊர்களுக்கும் விரிந்தது. அரபுக் குடிமக்களைத் தள்ளி வைக்கவே இக்குழுக்கள் பயன்படுகின்றன என்ற கண்டனம் வலுவானது. யூதரிலும் மிகுபக்தர், குறைபக்தர் என்று வடிகட்டப்படுவோர் உண்டு. மாணவர் சேர்ப்பு நேர்காணலில் மேசையின் இப்புறம் அமர்ந்து பழகியவன் நான். நாற்பது வயது மனிதர் ஒருவர் தம் மனைவியோடு அப்புறம் அமர்ந்து, தாம் நல்ல அண்டைவீட்டார் என்பதை மெய்ப்பிக்க முயலும் காட்சியை எண்ணினால் மனம் கூசுகிறது.

இத்துணைத் தேர்வும் அண்மைக் காலத்தார்க்கே வாய்த்தது. 1950களில் வந்தவர்களுக்கு ஊர் தரப்பட்டது, அவர்கள் தேரவில்லை. கொச்சி யூதர்களின் வரலாறு தமிழாசிரியர்க்கு அயலானதன்று. பாஸ்கர ரவி வர்மன் எனும் சேர மன்னன் கி.பி. 1000 அளவில் யோசேப்பு ரப்பான் என்பவருக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அச்சமூகத்தின் வழிவந்தோரில் மிகப் பலர் 1950களின் நடுப்பகுதியில் இஸ்ரேலுக்குச் சென்றனர். காயலும் தென்னையும் கண்டு வளர்ந்தவர்கள், பெயெர்ஷெபாவுக்கு அருகே நெகேவ் பாலையிலுள்ள நெவாத்திம் போன்ற சிற்றூர்களுக்கு அனுப்பப்பட்டனர். ஓர் ஆறுதல் இருந்தது. ஒருவரையொருவர் அறிந்தவர்கள் பல வீடுகளாக ஒரே ஊரில் சேர்ந்து வாழ்ந்ததால், மலையாளப் பாட்டும் அவர்களுக்கே உரிய வழிபாட்டு இசையும் உடன் சென்றன. அவர்கள் விட்டுச் சென்ற மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் மர வேலைப்பாடு பின்னர் எருசலேம் அருங்காட்சியகத்திற்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே மக்கள் சென்று பார்க்கிறார்கள், வழிபடுவதில்லை.

முதியவரின் மகளும் மருமகனும் 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதினைந்து நாள் பயணமாக அங்குச் சென்றனர். இப்படி முன்கூட்டிப் போய்ப் பார்ப்பது வழக்கமாம். பட்டியலிலுள்ள ஊர்களில் இரண்டில் ஆளுக்கு முன்பின் தெரியாத குடும்பத்தின் விருந்தினராக ஓய்வுநாளைக் கழிக்க வேண்டும். ஊரின் முகம் சனிக்கிழமை பிற்பகலில்தான் தெரியும் என்று முதியவர் மின்னஞ்சலில் எழுதியிருந்தார். எவ்வயதுப் பிள்ளைகள் தெருவில் விளையாடுகின்றனர், ஊர்தி ஓட்டும் அயலாரைக் கண்டு அவர்கள் முகம் சுளிக்கின்றனரா, பெண்கள் எங்கே கூடிப் பேசுகின்றனர் என்பவற்றை எந்த அலுவலகமும் எழுதித்தராது. இறுதியில் அவர்கள் மோதிஇன் நகரைத் தேர்ந்தனர். மோஷே சஃப்தி எனும் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி எழுந்து, 1996ஆம் ஆண்டில் முதல் குடிகள் புகுந்த புதுநகரம் அது. சமய நெறியாளரும் அல்லாதாரும் கலந்து வாழ்கின்றனர். மருமகனின் பணிக்கு டெல் அவீவ் செல்லத் தொடர்வண்டி உண்டு. அக்கலப்பே தம் பிள்ளைகளுக்கு நல்லது என்று தந்தையும், ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் போதிய அளவு இருக்கின்றன என்று தாயும் மனநிறைவு கொண்டனர். செப்டம்பர் முதல் நாள் பள்ளி தொடங்கும் என்பதால் ஆகஸ்டு மாதத்தில் குடிபெயர்ந்தனர்.

மூத்த பெண் முதலாண்டு முழுவதும் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு மடலிலும் முதியவர் இதையே எழுதினார். ஊரைத் தேர்ந்த அத்தனை கணக்கிலும் விடுபட்டுப் போனவள் அவள் என்று எனக்குத் தோன்றிற்று. கணக்கு ஆசிரியரிடம் அதை எழுதவில்லை. மூன்றாம் ஆண்டில் அவள் தேறினாள். 2020ஆம் ஆண்டில், புதிதாகக் குடியேறிய பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் தேசியத் தொண்டு ஆற்றினாள். கடைக்குட்டி அதற்குள் தாயின் எபிரேய உச்சரிப்பைத் திருத்தும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். பாட்டனாருடன் ஆங்கிலத்தில் பேசும்போது சொற்கள் எபிரேய வரிசையில் வருகின்றனவாம். நடுப் பையனுக்கு 2025ஆம் ஆண்டில் பதினெட்டு வயதாயிற்று. ஹெஸ்தெர் யெஷிவாவில் சேர்ந்திருக்கிறான். 2023 அக்டோபர் 7ஆம் நாளுக்குப் பிறகு முதியவர் எழுதும் மடல்கள் குறுகிவிட்டன. அப்பையனைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் அவர் எழுதுவதில்லை. காசாவில் மடிந்த குழந்தைகளைப் பற்றி ஒருமுறை எழுதினேன். அதற்கு அவர் அனுப்பிய விடையும் இரண்டே வரி. நட்பு முறியவில்லை.

கடைசியாக வந்த மடலில், மனைவி மறைந்த பின் தாமும் மகளிடம் போய்ச் சேர முடிவு செய்திருப்பதாகத் தெரிவித்திருந்தார். அவருக்குப் பள்ளிக் கணக்கு இல்லை. படைக் கணக்கு இல்லை. குல்லாயைப் பற்றி அவரிடம் எவரும் கேட்கப் போவதில்லை. ஆனால் மோதிஇன் குன்றுகளின்மேல் அமைந்த ஊர். மகளின் வீட்டிலிருந்து தொழுகைக்கூடத்துக்குப் பதினொரு நிமிட நடை, இடையில் கல்படிகள். அவருக்கு முழங்கால் வலி. சனிக்கிழமைதோறும் அப்படிகளில் ஏறி இறங்க முடியாது என்று மகள் கருதுவதால், சரிவுக்குக் கீழே தரைத்தளத்தில் இரண்டு அறை உள்ள வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.